தியேட்டர் போஸ்டிங்: ஒரு கையெழுத்துக்காகப் பட்ட பாடு

ஒருவழியாக லாக் புக்கை, அதாவது கூட நின்ற ஒவ்வொரு கேசுக்கும் கையெழுத்து வாங்கிவைக்கும் நோட்டை, முழுசாகக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி படித்துக்கொண்டு, அடுத்து சேலத்தில் போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) போகப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பேட்ச்சில் வேறு வேறு மருத்துவமனைகளுக்குப் போனவர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். அதனால் எந்த மருத்துவமனை, எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டாம்.

முதல் முட்டுக்கட்டை தியேட்டருக்குள் கால் வைக்கும் முன்பே வந்தது. போனஃபைடு, அனுமதிக் கடிதம், போட்டோ எல்லாம் சரியாக இருந்தன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையில்தான் நின்றுபோனது. முதல் வருடம் கல்லூரியிலேயே முகாம் வைத்து எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். ஆனால் ஒரு நோட்டில் பெயருக்கு நேராக டிக் அடித்ததோடு சரி. தேதியும் இல்லை, தனித்தனி அட்டையும் இல்லை. மருத்துவமனை கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "தேதி இல்லாம நான் எப்படிம்மா ஃபைல் பண்றது? போய் வாங்கிட்டு வா" என்றார். கல்லூரியில் கேட்டால், "போட்டாச்சுன்னு சொல்லு, அதெல்லாம் ஒத்துக்குவாங்க" என்றார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி அலைந்ததில் கூட வந்தவர்கள் எல்லாம் கேஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் மட்டும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி முதலிலிருந்து போடலாம் என்றால் அது மூன்று ஊசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. போஸ்டிங்கே முடிந்துவிடும்.

கடைசியில் வழி சொன்னவர் அந்த மருத்துவமனையின் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர். "ஏங்கண்ணு இப்படி அலையற? ரத்தத்துல ஆன்டி ஹெச்பிஎஸ் டைட்டர் பாத்துட்டு வா. 10க்கு மேல இருந்தா நான் எழுதித் தர்றேன்" என்றார். ஊசியால் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தியின் அளவுதான் இந்த டைட்டர். ஐந்து ரோடு பக்கம் ஒரு லேபில் கொடுத்தேன், மறுநாளே ரிசல்ட் வந்தது, பத்துக்கு வெகு மேலே. கிளார்க் வாயே திறக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார். ஊசி போடும்போதே தேதியும் மருந்தின் பேட்ச் எண்ணும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மூன்றாவது ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் டைட்டரும் பார்த்துவிடுங்கள். வருடம் போகப் போக அளவு இறங்கிக் காட்டலாம். அப்புறம் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

என்னைப் போல ஏற்காட்டுப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒன்று. காலை ஏழரைக்குத் தியேட்டரில் நிற்க வேண்டுமென்றால் தினம் இறங்கி ஏறுவது நடக்காத காரியம். நான் கன்னங்குறிச்சியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். அப்படி யாரும் இல்லையென்றால் போஸ்டிங் ஆரம்பிக்கும் முன்பே ஹாஸ்டல் பார்த்துவிடுங்கள்.

உள்ளே போன பிறகு முதல் சில வாரம் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஓடுகிற வேலைதான். ரத்த சாம்பிளை லேபில் கொடு, காப்பீட்டு ஃபைலைக் கவுன்ட்டரில் சேர்த்துவிட்டு வா, ஸ்டோரில் கிளவுஸ் கேட்டு வாங்கி வா. ஆள் பற்றாக்குறை எனக்கும் புரிந்தது. ஆனால் நான் திரும்பி வருவதற்குள் இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவது) முடிந்து கேஸ் பாதியில் இருக்கும். ஒரு நாள் மயக்க மருந்து மேடம், "நீ ஸ்டூடன்ட்தானே? பாய்ல்ஸ் செக் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். மயக்க மருந்து கொடுக்கும் மெஷினைத்தான் பாய்ல்ஸ் என்பார்கள். தெரியும் என்றேன். செய்து காட்டச் சொன்னார். சிலிண்டர் அளவு, பைப்லைன் பிரஷர், சர்க்கிட்டில் லீக், கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியிருக்கிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, லாரிங்கோஸ்கோப் பல்ப் பளிச்சென்று எரிகிறதா, 7, 7.5, 8 என்று மூன்று அளவு ட்யூபையும் எடுத்துவைத்து, அவற்றின் பலூனான கஃப் ஊதிப் பார்த்தது வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். "நாளையிலிருந்து என் டேபிள் உன் பொறுப்பு" என்றார். அதன் பிறகு லிஸ்ட் ஆரம்பிக்கும் முன்பே வந்து மெஷின் பக்கத்தில் நின்றுவிடுவேன். சாம்பிள் கொண்டுபோக யாராவது கூப்பிட்டால் மேடமே, "அவ இங்க வேலையா இருக்கா" என்று சொல்லிவிடுவார். ஓட்டத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி இதுதான். யாருக்காவது நீங்கள் இல்லாமல் கேஸ் ஆரம்பிக்காது என்கிற இடத்தில் போய் நின்றுகொள்ளுங்கள்.

நான் பெருமையாக நினைக்கிற ஒரு ராத்திரியும் உண்டு. அவசர சிசேரியன். சிஸ்டர் ஸ்க்ரப்பில் (கை கழுவி, கவுன் போட்டு சர்ஜன் பக்கத்தில்) இருந்தார், கவுன்ட்டை, அதாவது எடுத்துக் கொடுக்கும் சாமான்களின் எண்ணிக்கையை, போர்டில் எழுதுவது என் வேலை. வயிற்றை மூடுவதற்கு முன் எண்ணியபோது ரத்தம் ஒற்றும் துணியான மாப் ஒன்று குறைந்தது. அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கிறது, எல்லோருக்கும் அவசரம். "போர்டுல தப்பா எழுதியிருப்ப" என்று ஒருவர் சொன்னார். நான் திறக்கத் திறக்க எழுதியவள், எனக்குத் தெரியும். "இல்ல சார், ஒண்ணு குறையுது" என்று மறுபடியும் சொன்னேன். சர்ஜன் கையை நிறுத்திவிட்டார். தேடியதில், நஞ்சுக்கொடி வைத்த பேசினுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த செக்லிஸ்ட்டில் மயக்கத்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பது ஏன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மாணவிதானே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். எண்ணுகிறவருக்குத்தான் எண்ணிக்கை தெரியும்.

இப்போது லாக் புக். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆரம்பத்தில் தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரிடம் தினமும் நீட்டினேன். "மாசக் கடைசில மொத்தமா போட்டுத் தர்றேன், நீ வேலையைப் பாரு" என்றார். நல்ல மனுஷி, கற்றுக்கொடுப்பதில் குறையே வைக்கவில்லை. மாசக் கடைசிக்கு முன்பே அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் பாக்காத கேசுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கல்லூரியிலோ, கேஸ் எண்ணிக்கை குறைந்தால் போஸ்டிங்கை நீட்டிப்போம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நீட்டித்தால் பரீட்சை தள்ளிப்போகும், அதைத் தொட்டு அடுத்த ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் தள்ளிப்போகும்.

இடையில் ஒரு வீண் பயணம். லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன், விடாத மழை. இருபது கொண்டை ஊசி வளைவும் உள்ள அடிவாரப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பழைய சிஸ்டர் ஏதோ பேப்பர் வாங்க அன்றைக்குத் தியேட்டருக்கு வருகிறார் என்று தகவல் வந்ததால், அப்பா என்னைக் குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் சுற்றிக் கூட்டி வந்தார். நனைந்துகொண்டு போய் நின்றால், அவர் வந்துவிட்டுப் போய்விட்டாராம். போன் பண்ணிக் கேட்டதற்கு, "இப்ப நான் அங்க ஸ்டாஃப் இல்லையேம்மா, போட்டாலும் செல்லாது" என்றார். இதை முதலிலேயே கல்லூரியில் ஒருவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

காப்பாற்றியது தியேட்டர் ரிஜிஸ்டர். காலை ஷிஃப்ட் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர், கேஸ் விவரம் எழுதும்போது கடைசிக் கட்டத்தில் கூட நின்ற ஸ்டூடன்ட் பெயரையும் எழுதுவது வழக்கம். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. நானும் பாக்கெட் நோட்டில் தேதி, ஐபி எண் (உள்நோயாளி எண்), என்ன சர்ஜரி, நான் என்ன செய்தேன் என்று அன்றன்றைக்குக் குறித்து வைத்திருந்தேன். நோயாளி பெயரை எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். புது இன்சார்ஜ் சிஸ்டரிடம் இரண்டையும் காட்டினேன். லிஸ்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து, ரிஜிஸ்டரையும் என் நோட்டையும் வரி வரியாக ஒத்துப் பார்த்து, பொருந்தியதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்து கேஸ்களுக்கு மேடம் தன் அனஸ்தீசியா சார்ட்டைப் பார்த்துப் போட்டுக்கொடுத்தார். ராத்திரி ட்யூட்டிக் கேஸ்கள்தான் போய்விட்டன. அந்த ஷிஃப்டில் ஸ்டூடன்ட் பெயரை யாரும் எழுதுவதில்லை. மாப் தேடிக் கண்டுபிடித்த அந்தச் சிசேரியன் என் லாக் புக்கில் இல்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஊசி குத்தினாலும் இதே எழுத்து வேலைதான், அதில் இன்னும் கறாராக இருங்கள். என் தோழிக்குத் தையல் ஊசி கிளவுஸைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. "கழுவிட்டுப் போம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், அது சரி. பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. ஆனால் அதோடு நிறுத்தவும் கூடாது. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பிரயோஜனம் இல்லை. நான் அவளைக் கையோடு கேஷுவல்டிக்கு இழுத்துப் போய், சம்பவத்தை நேரத்தோடு எழுதவைத்து, அவளுக்கும் அந்த நோயாளிக்கும் ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கினேன். நோயாளிக்கு எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான் அவள் அழுகையை நிறுத்தினாள்.

தினமும் தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன், உடை மாற்றுவதற்கு முன்பே, கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்சார்ஜ் இல்லையென்றால் கேஸில் இருந்த ஸ்டாஃப் யாராவது போடட்டும். ராத்திரி ட்யூட்டியில் ரிஜிஸ்டர் எழுதும் அண்ணனிடம் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கல்லூரியே தினக் கையெழுத்தைக் கட்டாயமாக்கி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பேட்ச் மொத்தமும் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பேட்ச் போவதற்குள் பதில் வாங்கிவிட வேண்டுமென்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.