பூட்டிய ரேக்

நான் சிங்கப்பூரில் டேட்டா சென்டர் (சர்வர் கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடம்) வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், 2019-ல், புதிய டேட்டா சென்டர்களுக்கு அரசு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தை எங்கள் தொழில் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. 2022 வரை அந்தத் தடை இருந்தது. யாரும் மீறவில்லை. மின் இணைப்பு கிடைக்காமல் எதைக் கட்டுவது?

வேலை மட்டும் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போனது. செம்பனைத் தோட்டங்களை ஒட்டிப் பெரிய பெரிய கூரைகள் எழுந்தன. நானும் வாரத்தில் இரண்டு நாள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்க ஆரம்பித்தேன். பாலம் ஒரு கிலோமீட்டர்தான்; மழை நாளில் கடக்க இரண்டு மணி நேரம்.

செயற்கை நுண்ணறிவும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் வளர்கிறது. அதைச் சட்டம் போட்டு மெதுவாக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒன்றுக்குப் பின்னால் 25 சுழியங்கள்: ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயிற்ற அத்தனை கணக்கீடுகளுக்கு மேல் ஆனால் அதற்குக் கூடுதல் கட்டுப்பாடு. சரி, எண்ணுவது யார்? எங்கள் ஹாலில் ரேக்கின் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) சாவி வாடிக்கையாளரிடம். என்விடியா நிறுவனத்தின் எச்100 என்ற செயற்கை நுண்ணறிவுச் சிப் எட்டு போட்ட சர்வர் வந்து இறங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். சிப் ஒன்றுக்கே 700 வாட், சர்வர் மொத்தம் 10 கிலோவாட் வரை இழுக்கும். பின்பக்கம் இரண்டு நிமிடம் நின்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஓடுவது மாடல் பயிற்சியா, வானிலைக் கணக்கா என்பது மீட்டரில் வராது.

"உள்ள என்னண்ணே ஓட்டுறாங்க?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்.

"வாடகை ஒழுங்கா கட்டுறாங்க, தம்பி."

சிப்பையே தடுக்கலாமே என்றுதான் அமெரிக்கா 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்ரக சிப் ஏற்றுமதியை நெருக்கியது. என்விடியா தரவுப் பரிமாற்ற வேகத்தைக் குறைத்து எச்800 என்று ஒன்றை விற்றது; ஒரு வருடம் கழித்து அதற்கும் தடை. அதற்குள் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். சீன நிறுவனமான டீப்சீக் தன் வி3 மாடலைப் பயிற்றியது 2,048 எச்800-களில். தடை வீண் என்று நான் சொல்ல மாட்டேன், செலவும் சிரமமும் கூடத்தான் செய்யும். அப்புறம் 2025 பிப்ரவரியில் சிங்கப்பூர் நீதிமன்றத்திலேயே மூன்று பேர் மீது வழக்கு: சர்வர்கள் கடைசியில் யார் கைக்குப் போகின்றன என்பதை மறைத்து ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு. அந்தச் சர்வர்கள் போனது மலேசியாவுக்கு.

சரக்கு இறங்கும்போது நானும் கையெழுத்துப் போடுகிறவன். சீரியல் எண் பார்ப்பேன், அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கிறதா பார்ப்பேன். வாங்குபவர் பெயர் ஏற்கெனவே டைப் அடித்துத்தான் வரும்.