புள்ளி முதலில், எழுத்து பிறகு

சென்ற மாதம் பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடாமுயற்சியைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து இப்போது உதவியாளராக இருக்கும் என்னை, முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையிலிருந்து வந்தவள் என்பதற்காகவே அழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க?" என்று கேட்டாள். பதினாறு, பதினெட்டு என்று ஏதோ ஒரு பெரிய எண்ணை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் "ஒரு மணி நேரம்" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், மேடையில் இருந்த ஆசிரியர்களுக்கு அந்தப் பதில் அவ்வளவாக ரசிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அங்கே விளக்க வாய்ப்பில்லாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. முந்திரி பூவெடுக்கும் பருவம் அது. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில், வாசலில் இருந்து பார்த்தால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் ஒருநாளும் தெரிந்ததில்லை. அன்று மதியம் தெரிந்தது. நடுவில் நின்ற மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்திருந்தன. விழுந்த மரத்தை விறகுக்கு விற்கலாம் என்றால், மாவட்டம் முழுவதும் எல்லோரும் விறகு விற்றுக்கொண்டிருந்ததால் வெட்டுக்கூலிக்குக்கூட அது கட்டுப்படியாகவில்லை. முந்திரி ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்கவே மூன்று ஆண்டு ஆகும், நம்பிப் பிழைக்கும் அளவுக்கு விளைய அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு காலம் பிடிக்கும் என்பதால், அப்பா கட்டட வேலைக்குப் புதுச்சேரிக்குப் போகத் தொடங்கினார். மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் எடுத்தும், கல்லூரி என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, வீட்டிலும் எடுக்கவில்லை. அம்மாவோடு கொட்டகைக்குப் போனேன்.

வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்திக் கட்டையால் ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் பருப்பு உடைந்து குருணையாகிவிடும். மெதுவாகத் தட்டினால் ஓடு பிளக்காது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, இரவில்தான் எரியும், இரண்டு நாளில் அந்த இடம் கறுத்து உரியும். அதற்காகத்தான் எல்லோரும் கையைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டு உட்காருவார்கள். உடைத்த பருப்பைக் காயவைத்துச் செந்தோல் நீக்கி முழுப்பருப்பு, பிளவு, குருணை என்று பிரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முழுப்பருப்பிலும் தரம் உண்டு. ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 320 பருப்புக்குள் நின்றால் அது 320 ரகம். இன்னும் பருமனாக 180 நின்றால் அதற்கு விலையே வேறு. எண்ணிப் பார்த்துப் பிரிக்க நேரமிருக்காது, கண்ணே எண்ண வேண்டும். பின்னாளில் ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிழையான சொல் என் கண்ணில் குத்துவதற்கு, பள்ளிக்கூடத்தைவிட அந்த முறத்துக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

தட்டச்சு கற்கலாம் என்ற யோசனை என்னுடையது அன்று, அம்மாவுடையது. கொட்டகைக்கு வரும் கணக்குப்பிள்ளையின் மகள் தட்டச்சில் லோயர், ஹையர் என்னும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை முடித்து வேலைக்குப் போனதை அவர் எங்கோ கேட்டிருந்தார். பண்ருட்டியில் இருந்த பயிலகத்தில் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரையிலான வகுப்புக்கு மட்டுமே என்னால் போக முடியும். அதற்கு எங்கள் ஊரில் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். திரும்பி வந்து கொட்டகையில் உட்கார எட்டரை ஆகிவிடும். கூலி எடைக்கணக்கு என்பதால் நான் இல்லாத நேரத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், ஆனால் எடை குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட அம்மா விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து சிம்னி விளக்கில் கொட்டை உடைத்தார். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. தட்டும் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு, விழிக்காததுபோல் படுத்திருந்த நாள்கள் எனக்கு உண்டு.

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் முதல் பாடம் "யளனகபக ட்மதாத". இதை நூறு முறை அடித்த விரல் அதை மறக்காது. புள்ளி விசையை அழுத்தினால், தாளைத் தாங்கி நகரும் பகுதியான வண்டி நகராது. ஆகவே புள்ளியை முதலில் போட்டுவிட்டு அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி வைத்தே பழகிய எனக்கு இது தலைகீழாக இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. புள்ளி, வலது சுண்டுவிரலின் பொறுப்பு. அந்த விரலின் நுனி கொட்டை எண்ணெய் பட்டுத் தோலுரிந்து கிடந்ததால் அழுத்தமாக அடிக்க முடியவில்லை. தாளில் புள்ளிகள் விழவே இல்லை; "கடல்" என்பது "கடல" என்றும் "மக்கள்" என்பது "மககள" என்றும் நின்றன. பயிற்றுநர் ஐயா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஓலைச்சுவடி எழுதியிருக்க?" என்றார். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் இல்லை என்பதைப் போட்டித்தேர்வுக்குப் படிக்கும்போதுதான் அறிந்தேன், அன்று புரியாமல் விழித்தேன். என் கையை வாங்கிப் பார்த்தவர் அதன் பிறகு அந்தக் கேலியைச் சொல்லவில்லை. அறையில் இருந்தவற்றிலேயே மென்மையான விசைகள் கொண்ட பழைய ரெமிங்டனை ஆறு மணி வகுப்பில் எனக்கென்று ஒதுக்கிவிட்டார்.

இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். தேர்வு மையத்துக்குப் பொறிகளையும் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். அவரவர் பொறியை அவரவரே மேசைக்குத் தூக்க வேண்டும். முதுநிலை ஆங்கிலத் தேர்வில், வேகத்தாளின் நான்காம் நிமிடத்தில், என் பொறியின் வண்டியை இழுக்கும் நாடா அறுந்துவிட்டது. அடித்த எழுத்தெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து ஒரு கறுப்புக் கட்டியானது. மீதி ஆறு நிமிடமும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கையால் வண்டியைத் தள்ளித் தள்ளி அடித்தேன். தேர்ச்சி பெறவில்லை. அந்தத் தாளை முடித்தே தீர வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியதற்குப் பெயர் மன உறுதி என்று இன்று மேடையில் சொல்கிறார்கள். அன்று அது வெறும் கோபம். மறுநாள் காலை ஐந்தேகாலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றதைத்தான் நான் உறுதி என்பேன். அன்று கோபம்கூட மிச்சமில்லை, தூக்கம்தான் இருந்தது. ஆகஸ்டில் தேறினேன்.

இடையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் இளங்கலை முடித்தேன். கடலூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, இரண்டு மாதச் சம்பளம் வராமலேயே வெளியேறினேன். 2015 நவம்பர் வெள்ளத்தில் என் குறிப்பேடுகள் ஊறிக் கூழாயின. இவற்றை நீட்டி எழுத விருப்பமில்லை. இந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு எவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

அரசு வேலைக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதி (குரூப் 4) தேர்வை 2014இலும் 2016இலும் எழுதித் தோற்றேன். இரண்டாவது தோல்விக்குப் பிறகு, எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி ஆயா அப்பாவை நெருக்கினார். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை என்றே எனக்கும் தோன்றியது. அப்போது என்னை நிறுத்தி வைத்தது இலட்சியமோ வைராக்கியமோ அன்று. காலை எழுந்து ஒரு மணி நேரம் உட்காருவது உடம்புக்குப் பழகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். தட்டச்சு வகுப்பு முடிந்துபோன பின்னும் அந்த நேரத்தை நான் வேறெதற்கும் கொடுக்கவில்லை. பழைய பள்ளிப் பாடநூல்களை, ஆறாம் வகுப்பிலிருந்து, அந்த நேரத்தில் வரிவரியாகப் படித்தேன். 2018 பிப்ரவரி 11 அன்று நடந்த தேர்வுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 9,351. முதுநிலைத் தட்டச்சு முடித்தவர்கள் மொத்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான் என்பதால், தட்டச்சர் பதவிக்கான போட்டி எனக்குச் சற்றே தாங்கும் அளவில் இருந்தது. எனக்கு இடம் கிடைத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இதையும் சொல்ல வேண்டும். ஆறு மணி வகுப்பில் என் பக்கத்துப் பொறியில் அடித்த தோழி, அதே தேர்வில் ஒரே ஒரு கேள்வியில், அதாவது ஒன்றரை மதிப்பெண்ணில், வாய்ப்பை இழந்தாள். நான் படித்ததை அவளும் படித்தாள். பல நாள் அவள் குறிப்பேட்டைத்தான் நான் படித்தேன். இன்று பண்ருட்டியில் நகலெடுக்கும் கடை வைத்து, தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளுக்குக் கணினியில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். மன உறுதி இருந்தால் எதையும் அடையலாம் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சொற்றொடர் அவளைப் பார்த்து என்ன சொல்கிறது என்பதை ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லலாம். கொட்டகையில் முப்பது ஆண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களின் உறுதியோடு ஒப்பிட்டால், என்னுடையது அரைவாசி தேறாது. அவர்களுக்குக் கிடைக்காதது காலையில் ஒரு மணி நேரம். எனக்கு அதை வாங்கிக் கொடுக்க ஒருவர் இருட்டில் எழுந்தார்.

முதல் மாதச் சம்பளத்தில் அம்மா தனக்கென்று எதையும் கேட்கவில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்றுகளை வாங்கி வரச் சொன்னார். அவை இப்போது காய்க்கின்றன. கொட்டகைக்கு இனிப் போக வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும், வாரத்தில் மூன்று நாளாவது போய்விட்டு வருகிறார்.

நியாயவிலைக் கடையில் கைரேகை வைக்கும் முறை வந்த புதிதில், ஒருநாள் வெறும் பையோடு வீடு திரும்பினார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் கருவி ஏற்கவில்லையாம். அட்டையில் பெயர் உள்ள வேறு யாரையாவது அழைத்து வரும்படி கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்ததால் நானே அவரோடு போனேன். வரிசையில் எங்கள் முறை வந்ததும் அம்மா தன் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "நீ வை பாப்பா" என்று விலகி நின்றார். நான் விரலை வைத்ததும் ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் அரிசியை அளக்கத் தொடங்கினார். அம்மா பையை விரித்துப் பிடித்தார்.