டிவியின் மெல்லிய ஊங்காரம்: தேடிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டு 43 அங்குல எல்இடி டிவிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஊங்காரம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. மீதி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிட்டது. கேட்பதற்கு ஒரே சத்தமாக இருந்தாலும், உண்மையில் அது மூன்று இடங்களிலிருந்து வந்த மூன்று சத்தங்கள். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது செய்த வேலையே வீண் என்று தோன்றிவிடும். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடு சென்னையில், பழைய அடுக்குமாடி. டிவி சுவரில் மாட்டியிருக்கிறது. கீழே மர ஷோகேஸ், அதில் செட்டாப் பாக்ஸ், ஸ்டெபிலைசர், உள்ளூரில் அசெம்பிள் செய்த ஒரு ஆம்ப்ளிஃபயர். பகலில் ஃபேன் சத்தத்திலும் தெரு இரைச்சலிலும் எதுவும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் கேட்கும். முதலில் கவனித்தது அம்மா. "ஏம்ப்பா, டிவிக்குள்ள வண்டு கிண்டு போயிருச்சா?" என்று கேட்டார். சத்தம் அப்படித்தான் இருந்தது.

ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: டிவியின் பின்மூடியைக் கழற்றப்போவதில்லை. 230 வோல்ட் மின்சாரத்தை உள்ளே நேர்மின்னோட்டமாக மாற்றும்போது முதல் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். சில போர்டுகளில் 400 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கும் என்று நம்ப முடியாது. வெளியிலிருந்தே கண்டுபிடிக்கக்கூடியது நிறைய இருக்கிறது, அதை முதலில் பார்க்கலாம் என்று தொடங்கினேன்.

முதல் கேள்வி, சத்தம் ஸ்பீக்கர் வழியாக வருகிறதா, இல்லை ஏதோ ஒரு பொருள் நேரடியாக அதிர்கிறதா என்பது. டிவியை மியூட் செய்தேன். ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மியூட்டை மட்டும் வைத்து ஸ்பீக்கர் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உள்ள வயரில் இரைச்சல் ஏறினால் டிவியின் மியூட் அதை ஒன்றும் செய்யாது. அதனால் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். சத்தத்தில் ஒரு பகுதி சட்டென்று விழுந்தது. அந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதமிருந்ததை முதலில் துரத்தினேன்.

காதை மட்டும் நம்பினால் திசை குழம்பிவிடும். தாழ்ந்த சத்தம் சுவரில் பட்டு எல்லாப் பக்கமும் பரவும். வீட்டில் மிச்சம் கிடந்த பிவிசி பைப் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பொருளுக்கும் அருகே கொண்டுபோனேன். பிளாஸ்டிக் என்பதால் பயமில்லை. இரும்புக் குழாயையோ ஸ்க்ரூடிரைவரையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டிவியின் பின்பக்கம் லேசான ஒரு சத்தம். ஸ்டெபிலைசர் பக்கம் போனதும் பலமான உறுமல்.

ஃபோனில் ஸ்பெக்ட்ராய்டு என்ற இலவச ஆப் இருக்கிறது. சத்தத்தில் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்பதைக் கோடாகக் காட்டும். ஸ்டெபிலைசர் அருகே வைத்தபோது 100, 200, 300 ஹெர்ட்ஸில் முனைகள் எழுந்தன. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே, ஏன் 100? ஸ்டெபிலைசருக்குள் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது மிக மிக நுண்ணிய அளவில் நீளம் மாறுகின்றன. இதை ஜூல் 1842-லேயே கண்டறிந்தார். காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் இந்த மாற்றம் ஒரே மாதிரிதான். ஒரு சுழற்சியில் காந்தம் இரண்டு தடவை உச்சத்துக்குப் போவதால், தகடும் இரண்டு தடவை அதிர்கிறது. 50 இரண்டு மடங்காகி 100. தகடுகள் லேசாகத் தளர்ந்திருந்தால் அதன் மடங்குகளும் சேர்ந்து இன்னும் கரகரப்பாகக் கேட்கும்.

ஸ்டெபிலைசருக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தேன். உடனே நல்ல வித்தியாசம் தெரிந்தது. அந்த மரப்பலகைதான் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் முழுதாகப் போகவில்லை. அப்போதுதான் இந்த ஸ்டெபிலைசர் தேவையா என்றே யோசித்தேன். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மல்டிமீட்டரில் பார்த்தவரை, மே மாத இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போதுகூட 215-க்குக் கீழே இறங்கவில்லை. மேலே போனால் 238. இந்த ஏற்ற இறக்கத்தை டிவியே சமாளித்துக்கொள்ளும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை.

"அதெல்லாம் சரி சார். தெருவுல நியூட்ரல் கட்டாச்சுன்னா? 400 வரைக்கும் ஏறும். அன்னைக்கு டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிரும்."

"அப்ப ஸ்டெபிலைசர் இருக்கட்டும்னு சொல்றீங்களாண்ணே?"

"ஸ்டெபிலைசர்தான் வேணும்னு இல்ல சார். வோல்டேஜ் ஏறினா ஆஃப் பண்ற மாதிரி ஒண்ணு போட்டுருங்க. அதுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சத்தமும் வராது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், சில வீடுகளுக்கு இரண்டு ஃபேஸுக்கு இடையிலான வோல்டேஜ் நெருங்கி வந்துவிடும். சாதாரண ஸ்பைக் பஸ்டர் அதைத் தாங்காது, அது கண நேர எழுச்சிக்கு மட்டும்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கி வந்து அவரையே மாட்டச் சொன்னேன். ஸ்டெபிலைசர் ஷோகேஸை விட்டு வெளியேறியது, எல்லாவற்றுக்கும் அடியில் கேட்டுக்கொண்டிருந்த அந்த உறுமலும் போய்விட்டது. வோல்டேஜ் அடிக்கடி 180, 160 என்று இறங்கும் ஊர்களில் இதையே அப்படியே செய்யச் சொல்லமாட்டேன். முதலில் சில நாள் மீட்டரில் அளந்து பாருங்கள்.

அப்புறம் ஸ்பீக்கர் வழியாக வந்த சத்தம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து கேபிள் வயரைக் கழற்றியதும் ஆம்ப்ளிஃபயரின் ஊங்காரம் நின்றுபோனது. மறுபடி திருகினால் மறுபடி வந்தது. இதற்கு எர்த் லூப் என்று பெயர். கேபிள்காரரின் வயர் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வருகிறது. அந்த வயரின் வெளிப்பின்னல் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக வலை) எங்கோ ஓரிடத்தில் பூமியோடு சேர்கிறது. எங்கள் ஆம்ப்ளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக எங்கள் கட்டடத்து எர்த்தில் சேர்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே எப்போதும் சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். கேபிள் வயர், செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர், டிவி, ஆடியோ வயர், ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு வளையம் உண்டாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது. ஆடியோ வயரின் வெளிப்பின்னலில் அது ஓடும்போது உண்டாகும் மில்லிவோல்ட்டையும் ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்று எண்ணிப் பெருக்கிவிடுகிறது. ஃபோன் மைக்குகளுக்கு 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது. ஆனால் 150, 250-இல் முனைகள் தெரிந்தன. ஸ்டெபிலைசர் சத்தத்தில் அவை இல்லை. எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரிக்க இது உதவியது.

கழற்றிய கேபிள் வயரின் வெளிப்பாகத்துக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டர் நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பதற வேண்டியதில்லை. மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை என்பதால், மிகச் சிறிய கசிவுகூடப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தாலோ, தொடும்போது சுரீரென்று அடித்தாலோ, அது வேறு விஷயம். வயரைத் தொடாமல் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதற்கு ஒரு கெட்ட வைத்தியம் புழக்கத்தில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டிவிடு, இல்லையென்றால் இரண்டு பின் அடாப்டரில் செருகு என்பார்கள். ஊங்காரம் நிற்கும், உண்மைதான். ஆனால் என்றாவது உள்ளே ஃபேஸ் வயர் பெட்டியைத் தொட்டால், காப்பாற்ற அந்த எர்த்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, எர்த்தை எடுக்காதீர்கள்.

சரியான வழி, வளையத்தை வேறு ஓர் இடத்தில் அறுப்பது. கேபிள் வயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவில் போடும் ஐசொலேட்டர் என்ற சிறிய துண்டு கிடைக்கிறது. உள்ளே கெப்பாசிட்டர்கள்தான். டிவி சிக்னலின் உயர்ந்த அதிர்வெண் தடையின்றிப் போகும், 50 ஹெர்ட்ஸ் நின்றுவிடும். அதைத் திருகியதும் படம் அப்படியே இருந்தது, ஊங்காரம் மட்டும் மறைந்தது. அன்று பழைய பாட்டு ஒன்றை மெதுவாக வைத்துக் கேட்டேன். தொடக்கத்தில் தம்புரா தனியாக ஒலிக்கும் சில நொடிகள் இந்த வீட்டில் முதல்முறையாகச் சுத்தமாகக் கேட்டன. அத்தனை சந்தோஷம்.

வீட்டில் டிஷ் வைத்திருந்தால் இதே துண்டை அந்த வயரில் போட முடியாது. மாடியில் டிஷ்ஷின் முனையில் இருக்கும் கருவிக்கு செட்டாப் பாக்ஸ்தான் அதே வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. ஐசொலேட்டர் அதையும் தடுத்துவிடும், படம் வராது. அவர்கள் ஆடியோ வயரில் போடும் ஐசொலேட்டரை வாங்கலாம். டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த அந்த இணைப்பில் ஒலி வெளிச்சமாகப் போகிறது. செம்பே இல்லாததால் வளையம் உண்டாக வழியே இல்லை. எங்கள் ஆம்ப்ளிஃபயரில் அந்த சாக்கெட் கிடையாது.

மூன்றாவது சத்தம் டிவியிலிருந்தே வருவது. முழு நிசப்தத்தில், முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும் மெல்லிய ரீங்காரம். செட்டிங்கில் பேக்லைட்டைக் குறைத்தால் சத்தம் கூடுகிறது, முழுதாக ஏற்றினால் மறைகிறது. பெரும்பாலான எல்இடி டிவிகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்குகளை நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. அந்தத் துடிப்பில் போர்டில் உள்ள காயிலும் செராமிக் கெப்பாசிட்டர்களும் அதிர்கின்றன. ஃபோன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்துத் திரையைப் பார்த்தேன். பேக்லைட் குறைவாக இருந்தபோது கறுப்புப் பட்டைகள் தெரிந்தன, முழுதாக ஏற்றியபோது காணவில்லை. காது சொன்னதைக் கண்ணும் சொன்னது.

இது கோளாறு இல்லை, அந்த அமைப்பின் இயல்பு. சுவர் மாட்டிக்கும் டிவிக்கும் நடுவில் ரப்பர் வாஷர் போட்டதில் சுவர் வழியாக வந்த பங்கு குறைந்தது. பேக்லைட்டை 80-க்கு மேல் வைத்து, கண் கூசாமல் இருக்க இரவில் டிவிக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கைப் போடுகிறோம். சோபாவில் உட்கார்ந்தால் இப்போது கேட்பதில்லை.

பாக்கி இருப்பது இன்வெர்ட்டர். எங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் வகை. கரண்ட் போய் அது எடுத்துக்கொண்டால் ஃபேன், ஆம்ப்ளிஃபயர் எல்லாமே உறுமத் தொடங்கும். மின்சாரம் வழவழவென்று ஏறி இறங்காமல் படிக்கட்டாகக் குதிப்பதால் 150, 250, 350 ஹெர்ட்ஸ் எல்லாம் அதிலேயே கலந்து வருகிறது. இதற்கு வயரிலோ வாஷரிலோ வைத்தியம் இல்லை. பேட்டரி இன்னும் நன்றாக இருக்கிறது. அது தீரும்போது சைன் வேவ் இன்வெர்ட்டராக மாற்றப்போகிறேன். அதுவரை கரண்ட் போனால் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்கிறோம்.