தூசு சென்சாரை ஊர்க் குழுவுக்கு இரவல் கொடுக்கும்போது

தொழிற்பேட்டை ஓரத்து ஊர்களுக்கு காற்று, தண்ணீர் மாசு பார்க்கும் கருவிகளை ஆறு வாரத் தவணையில் இரவல் கொடுக்கிறோம். முன்பணம் கிடையாது, இரண்டு கையெழுத்து போதும். அதில் ஒன்று பகல் முழுக்க வீட்டில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். சென்சார் நின்றுபோனால் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

வாங்க வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, என்ன தொந்தரவு என்று. மூச்சை அடைக்கும் நாற்றம் என்றால் தூசு சென்சார் உதவாது. அதற்கு 2004-ல் கடலூர் சிப்காட் ஊர்க்காரர்கள் பழகிய வாளி முறைதான் சரி. மூடிய வாளிக்குள் டெட்லர் பை, அதாவது காற்று மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை இருக்கும். பம்ப் வாளியின் காற்றை உறிஞ்ச, வெளிக்காற்று பைக்குள் நிரம்பும். அந்தப் பை 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்; அதனால் ஆய்வகத்தில் நேரம் வாங்கிய பிறகே வாளியைக் கொடுக்கிறோம். எண்ணூர்ப் பக்கம் போல நிலக்கரிச் சாம்பல்தான் தொந்தரவு என்றால் வேறு சிக்கல். மலிவான லேசர் சென்சார் நுண்தூசியான பிஎம் 2.5-ஐ ஓரளவு பிடிக்கும், பருமனான சாம்பல் துகளைப் பெரும்பாலும் தவறவிடும். எண் குறைவாக வந்தால் ஊரின் புகாரே பொய் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே வாய் அகன்ற பாத்திரத்தை மாடியில் 30 நாள் வைத்து, படிந்ததைக் காயவைத்து எடை போடுவதே உறுதியான வழி.

சென்சார் பெட்டியில் மூன்று சென்சார், 5 வோல்ட் சார்ஜர், மெமரி கார்டு, பவர் பேங்க், கட்டுக்கம்பி, ஒரு நோட்டு இருக்கும். பவர் பேங்கைச் சோதிக்காமல் அனுப்பக் கூடாது. சென்சார் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று கணக்குப் போட்டுச் சில பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியையும் பார்க்க வேண்டும். அது தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பி மொத்தப் பதிவும் வீணாகும்.

கொடுப்பதற்கு முன் மூன்றையும் ஒரே இடத்தில் 48 மணி நேரம் ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று எழுதிக்கொள்கிறோம். முடிந்தால் மணலி போல மாசுக் கண்காணிப்பு நிலையம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம். சென்சார் காட்டும் எண்ணைச் சரிசெய்ய அமெரிக்கக் காற்றுக்காகப் போட்ட திருத்தச் சூத்திரத்தை நம் ஊர்த் தூசுக்கு அப்படியே போடுவது தவறு.

அதிகம் கெடுவது மாட்டும் இடத்தில்தான். ஆலையைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் இரண்டு, ஆலையை நோக்கிக் காற்று வரும் பக்கம் ஒன்று. அந்த மூன்றாவது இல்லாவிட்டால் தூசு எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. இரண்டு மூன்று மீட்டர் உயரம். அடுப்பு, டீக்கடை, குப்பை எரிக்கும் இடம் பக்கத்தில் கூடாது. கூரைத் தண்ணீர் சொட்டும் இடமும் கூடாது. தனி வீட்டுச் சுவரைவிடப் பொதுக் கட்டடத்து மாடி நல்லது. நெருக்கடி வந்தால் அது ஒரு குடும்பத்தின் தலையில் விழக் கூடாது.

நோட்டில் தினமும் இரண்டு வரி: காற்றுத் திசை, கரண்ட் போன நேரம், நாற்றம், பக்கத்தில் எரித்தது. போகி, தீபாவளி நாள்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். மார்கழிப் பனியில் துகள் ஈரத்தால் ஊதிப்போய் அளவு கூடுதலாகக் காட்டும், அதையும்.

ஐந்து நிமிடம் 300 காட்டியதும் 'வரம்பைப் போல ஐந்து மடங்கு' என்று மனு எழுதுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. பிஎம் 2.5-க்கு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கானது. 16 மணி நேரப் பதிவாவது இல்லாத நாளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: 1981 காற்றுச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, வழக்கில் சாட்சியமாக நிற்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி எடுக்கும் மாதிரிதான். ஊர் எடுத்த எண்ணுக்கு வேறு பலம் உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்தக் காற்றில் வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்று வாரியத்திடம் தேதியோடு கேட்க அது போதும்.

தண்ணீருக்கான டிடிஎஸ் மீட்டரோடு ஒரு எச்சரிக்கைச் சீட்டும் போகிறது: இது கரைந்த உப்பை மட்டும் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. பாலாற்றுத் தோல் பட்டறை ஊர்களில் எண் குறைவு என்பதால் குடிக்கலாம் என்று ஆகாது.

திரும்பி வந்ததும் மறுபடி 48 மணி நேரம் சேர்த்து ஓடவிடுகிறோம். விலகல் கூடியிருந்தால் பெரும்பாலும் எட்டுக்கால் பூச்சி வலை, கடலோரம் என்றால் உப்பேறிய விசிறி. முன், பின் விலகல் இரண்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறும். அந்த நோட்டின் அசலும் மெமரி கார்டும் ஊருக்கே; எங்களிடம் இருப்பது அவர்கள் சம்மதித்த நகல் மட்டும்.