கனவுக் கல்லூரிக்கு மாதம் 25 ஆயிரம்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே, சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. அவர்களே நடத்திய நுழைவுத் தேர்வு, அவர்களே அனுப்பிய வாழ்த்துக் கடிதம், அப்புறம் அடிக்கடி போன். "சீட் வேகமா ஃபில் ஆகுது மேடம், அட்வான்ஸ் மட்டும் கட்டிடுங்க." பதினேழு வயதுப் பெண்ணை மேடம் என்று கூப்பிட்டால் பாதி மனசு அங்கேயே சேர்ந்துவிடும். மீதியை அந்த வளாகத்தைப் பார்த்த அன்று கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் நூலகம் மட்டுமே எங்கள் பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது.

இதில் முதல் தலைவலி தேதிகள்தான். தனியார் பல்கலைகள் ஏப்ரல், மே மாதத்திலேயே பணம் கேட்கும். டிஎன்இஏ என்கிற, தமிழக அரசின் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வோ, நான் சேர்ந்த 2024-இல், ஜூலை கடைசியில்தான் தொடங்கியது. அங்கே என்ன கிடைக்கும் என்று தெரியும் முன்பே இங்கே பணத்தைக் கட்டியாக வேண்டும். "கட்டிப் போடுங்க அத்தான், வேண்டாம்னா திரும்ப வாங்கிக்கிடலாம்" என்றார் மாமா. போனில் கேட்டால், "அட்மிஷன் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். அந்த ஆண்டு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது வேறு: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும், அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் பணம் அவர்கள் பக்கம் இருக்கும். அதனால் அப்பா கட்டவில்லை.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர். கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிட்டை நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, "நீயே போடு, நான் சரிபாக்கேன்" என்று என்னிடம் தந்தார்.

கட்டணம் ஆண்டுக்கு 3.5 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 14 லட்சம், அவ்வளவும் வங்கிக் கல்விக் கடன்தான். ஹாஸ்டல் தனி, அதை விட்டுவிட்டோம். படிக்கிற காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி அது பாட்டுக்கு ஏறும். 10 சதவீதம், தனிவட்டி என்றே வைத்தோம். முதல் ஆண்டு வாங்கும் தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி 1.75 லட்சம், அடுத்ததற்கு 1.40, அதற்கடுத்து 1.05, கடைசிக்கு 70 ஆயிரம். மொத்தம் 4.9 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 18.9 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய்.

பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தருவது பல வருஷமாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பிடித்தம் போகக் கையில் வருவதும் அந்த 25 ஆயிரம் சொச்சம்தான். அப்பா பென்சிலால் அந்த இரண்டு எண்களுக்கும் அடியில் கோடு போட்டார். "சம்பளத்த அப்படியே பேங்குல குடுத்துட்டு, மெட்ராஸ்ல நீ எதத் திம்பம்மா?"

இன்னொன்றும் இருந்தது. அப்போது இருந்த விதிப்படி, 4 லட்சம் வரை வங்கி அடமானமோ ஜாமீனோ கேட்காது. 7.5 லட்சம் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து ஆச்சி பெயரில் இருக்கும் வீடு. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி நன்றாக அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதியாக, 94 + 44 + 45 என்று 200-க்கு 183 கட்-ஆஃப். கலந்தாய்வுக்கு விருப்பக் கல்லூரிகளின் பட்டியலை, அதாவது சாய்ஸை, நிரப்பும்போது எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "கிடைக்காத கல்லூரியை மேல போட்டா கிடைக்கிறதும் போயிரும்" என்பது அதில் முக்கியமானது, முழுத் தப்பும்கூட. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, நம் தரவரிசைக்கு எது முதலில் எட்டுகிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டதால் எனக்கு எதுவும் குறையவில்லை. கிண்டி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), மதுரை தியாகராசர், நெல்லை அரசு பொறியியல் கல்லூரி, காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு கல்லூரி என்று, பிடித்த வரிசையிலேயே போட்டேன். சாதிப் பிரிவு வாரியாக முந்தைய ஆண்டு கட்-ஆஃப் இணையத்தில் கிடைக்கும். பட்டியலை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள அதை வைத்துக்கொண்டேன், வரிசை போட அல்ல.

தற்காலிக ஒதுக்கீட்டில் நெல்லையில் ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) வந்தது. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, வெளியேறுவது என ஐந்து வழி. நான் இரண்டாவதை எடுத்து, உதவி மையத்தில் பணம் கட்டினேன். நெல்லையிலேயே இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள்: மேலே உள்ளது கிடைத்தால் பழைய சீட் போய்விடும், வேண்டாம் என்று திரும்ப முடியாது. ஆகவே அரைமனசாக எதையும் மேலே போடாதீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் போனது போனதுதான். அது வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். கோடிங் நானே கற்கிறேன். ஐடி கம்பெனிகள் பல, எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எடுக்கின்றன என்பது ஒரு தெம்பு. கல்லூரிக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிகிறது. மெஸ் பில்தான் பெரிய செலவு. மாதச் செலவை எல்லோருக்கும் வகுத்துப் போடுவதால், லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போன மாதம் என்ன வரும் என்பது சஸ்பென்ஸ்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பல்கலையில் சேர்ந்தாள். நன்றாகத்தான் படிக்கிறாள். அவள் அப்பா கடன் வாங்காமல் கட்டக்கூடியவர். அந்த வீட்டுக் கணக்கு வேறு.

இந்த வருஷம் விண்ணப்பிக்கிறவர்களுக்கு: வீட்டில் தாத்தா பாட்டி தொடங்கி அக்கா அண்ணன் வரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நான் உதவி பெறும் பள்ளி, எனக்கு அது இல்லை. உங்களுக்கு இருந்தால், தனியார் கல்லூரி என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் கணக்கில் அந்தப் பக்கம் சைபர்.