பந்து உருளட்டும்: டிராக்பால் கட்டும் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

டிராக்பால் என்பது இருந்த இடத்திலேயே இருக்கும் மவுஸ்; மேலுள்ள பந்தை விரலால் உருட்டினால் கர்சர் நகரும். அதற்கான பெட்டி 3டி பிரிண்டில் வந்துவிட்டது. பந்து 34 மி.மீ.; கடையில் கிடைக்கும் லாஜிடெக் எர்கோ எம்575 டிராக்பாலில் இருக்கும் அதே அளவு. கிண்ணத்தில் மூன்று சிறிய சிர்கோனியா (ஒருவகைப் பீங்கான்) குண்டுகள். அவை சுழலாது, பந்துதான் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கீழே பந்தின் அசைவை அளக்கும் பிஎம்டபிள்யூ3360 (PMW3360) ஒளி சென்சார். லென்ஸுக்கும் பந்துக்கும் நடுவே 2.4 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது டேட்டாஷீட். பிரிண்டை நம்பி அந்த அளவை விட முடியாது; அதனால் சென்சாரை ஏற்றி இறக்க வசதியாகத் திருகுத் துளைகளை நீளவாக்கில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

சால்டரிங் முடிந்தது. மூளை ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கியூஎம்கே (QMK), கம்பைல் செய்தால் ஒரு யூஎஃப்2 கோப்பு கிடைக்கிறது. பலகையிலுள்ள பூட்செல் பொத்தானை அமுக்கியபடி கேபிளைச் செருகினால் பிக்கோ பென் டிரைவ் போலத் தெரியும். கோப்பை அதில் இழுத்துப் போட்டதும் டிரைவ் தானாக மறைந்து, பலகை புது ஃபர்ம்வேரோடு எழுந்துகொள்கிறது. ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் பூட்லோடர், சிப்பின் அழிக்க முடியாத நினைவகமான ரோமிலேயே இருப்பதால் எத்தனை மோசமான நிரலை ஏற்றினாலும் மீட்டுவிடலாம். பயமில்லாமல் விளையாடலாம்.

ஜூன் 11, புதன்

வலப்பக்கம் உருட்டினால் கர்சர் மேலே போகிறது. இடம் போதாமல் சென்சாரைக் கால்வட்டம் திருப்பி வைத்ததன் விளைவு. 90 டிகிரி சுழற்சிக்கு ஃபர்ம்வேரின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி, சரியாகிவிட்டது.

ஜூன் 14, சனி

இன்றுதான் உண்மையான வேலை. ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு பந்தை உருட்டினால் பக்கம் நகர வேண்டும். சென்சார் தரும் எண்ணை அப்படியே ஸ்க்ரோலுக்குக் கொடுத்தால் பக்கம் பறக்கும். எனவே 8-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் மெதுவாக உருட்டும்போது வரும் எண்ணே 3, 5 என்றுதான் இருக்கும். முழு எண் வகுத்தலில் அது பூஜ்யம், பக்கம் அசையவே அசையாது. மீதியைத் தூக்கி எறியாமல் ஒரு மாறியில் சேர்த்துவைத்து அடுத்த எண்ணோடு கூட்டினேன். அப்புறம் வரி வரியாக, விரல் சொன்னபடி நகர்ந்தது. கடையில் வாங்கும் மவுஸில் இந்த இடத்தைத் தொட விடமாட்டார்களே!

சிபிஐ (CPI, பந்து ஓர் அங்குலம் நகர்ந்தால் சென்சார் தரும் எண்ணிக்கை) 800 போதும். ஆக்சிலரேஷன் (வேகமாக உருட்டினால் கர்சர் கூடுதலாகத் தாவுவது) இல்லாமல் 1920 பிக்சல் திரையைக் கடக்கப் பந்தை அரைச்சுற்றுக்குச் சற்று மேல் உருட்ட வேண்டும். இந்தச் சென்சாரின் உச்சமான 12000-இல் 4 மி.மீ. நகர்ந்தாலே கர்சர் மறு ஓரத்தில் நிற்கும். யாருக்கு வேண்டும் அது?

இடது சுவிட்சை மட்டும் மாற்ற வேண்டும். சத்தம் அடுத்த அறைவரை கேட்கிறதாம், வீட்டில் புகார்.