கடல் மாறியதா, கருவி மாறியதா?

கடலலைகளின் உயரத்தை ஆராய்வது என் தொழில் என்றால், புயலுக்கு நடுவே கப்பல் தளத்தில் நிற்பவனாக என்னைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். என் நாள்கள் செயற்கைக்கோள்கள் அனுப்பிய எண்களோடுதான் கழிகின்றன. அதிலும் பெரும்பொழுது, எந்த எண்ணை நம்பக் கூடாது என்று தீர்மானிப்பதிலேயே போய்விடும்.

செயற்கைக்கோளில் இருக்கும் ரேடார் உயரமானி, நேர் கீழே ஒரு துடிப்பை அனுப்பி அதன் எதிரொலியைப் பதிவு செய்கிறது. கடல் அமைதியாக இருந்தால் எதிரொலி சட்டென்று உச்சத்துக்கு ஏறும். அலைகள் எழுந்திருந்தால் முகடுகளில் பட்ட பகுதி முந்திக்கொண்டும், பள்ளங்களில் பட்ட பகுதி பிந்தியும் வந்து சேர்வதால் அந்த ஏற்றம் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்விலிருந்துதான் அலை உயரத்தைக் கணக்கிடுகிறோம். கிடைப்பது தனி ஓர் அலையின் உயரமல்ல. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று மரபாக விளக்கப்படும் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்'. அது 10 மீட்டர் என்றால், அதே கடலில் 18 மீட்டரைத் தொடும் தனி அலைகளும் எழுந்திருக்கலாம்.

2011 பிப்ரவரி 14 அன்று வட அட்லாண்டிக்கில் குவீரின் புயலைக் கடந்த ஜேசன்-2 செயற்கைக்கோள் 20.1 மீட்டர் என்று பதிவு செய்தது. இப்படி ஓர் எண்ணைக் கண்டால் எங்கள் தொழிலில் முதலில் எழுவது சந்தேகம். கனமழை துடிப்பைக் கெடுத்துவிட்டதா? மிதக்கும் பனிக்கட்டியா? முன்னும் பின்னும் உள்ள அளவீடுகள் படிப்படியாக ஏறி இறங்குகின்றனவா, இல்லை இது மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கிறதா? பிழைகளை நீக்க வடிகட்டியை இறுக்கினால் நிஜமான உச்சமும் சேர்ந்து போய்விடும். களையென்று பிடுங்கியது பயிராக இருந்துவிடக்கூடிய வேலை இது. சராசரியை ஆராய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சில எண்கள் போனாலும் அவர்களுடைய விடை அசையாது. எங்களுக்கோ அந்தச் சில எண்கள்தான் பொருளே.

போதாக்குறைக்கு, பெரும்பாலான உச்சங்களைச் செயற்கைக்கோள் பார்ப்பதே இல்லை. ஜேசன் வகைச் செயற்கைக்கோள் ஒரே தடத்துக்குத் திரும்பிவர ஏறத்தாழ 10 நாள் ஆகும். நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 315 கிலோமீட்டர் இடைவெளி. புயலின் உச்சமோ சில மணி நேரத்தில் அடங்கிவிடும். 1985இல் ஜியோசாட் தனியாகச் சுற்றியது; இப்போது பல செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் சுற்றுகின்றன. கண்கள் கூடக்கூட, கண்ணில் படும் உச்சங்களும் கூடும். ஆண்டுதோறும் பதிவான அதிகபட்ச அலையை வரிசையாக வரைந்தால், கடல் துளியும் மாறாதிருந்தால்கூட கோடு மேலேறும். அதனால்தான் போக்கைப் பேசும்போது அதிகபட்சத்தை விட்டுவிட்டு, அளவீடுகளில் 90 அல்லது 99 விழுக்காட்டுக்கு மேலே நிற்கும் எல்லையைப் பார்க்கிறோம்.

கருவிகளுக்கும் வயதாகிறது. 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடனின் முதன்மை மின்னணு அமைப்பு நாளடைவில் தேய்ந்ததால், அது சொன்ன அலை உயரம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. 1999இல் மாற்று அமைப்புக்கு மாற்றினார்கள். இதைத் திருத்தாமல் வரைபடம் போட்டால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் உலகக் கடல்களெல்லாம் ஒருசேரக் கொந்தளித்ததாகத் தோன்றும். சரிபார்க்க, கடலில் மிதந்தபடி அலையை அளக்கும் மிதவைகள் இருக்கின்றனவே என்பார்கள். மிதவைகளின் உடலமைப்பும் உணரிகளும் காலப்போக்கில் மாற்றப்பட்டிருக்கின்றன. மேலும் அவை பெரும்பாலும் வட அரைக்கோளக் கரையோரங்களில் மிதப்பவை. மிகப் பெரிய அலைகள் உருளும் தென்பெருங்கடலில் அவை அரிது.

2019இல் வெளியான ஓர் ஆய்வு, 1985 முதல் 2018 வரை 31 செயற்கைக்கோள்கள் தந்த அளவீடுகளைத் தொகுத்து, தென்பெருங்கடலின் உச்ச அலைகள் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகச் சொன்னது. பெரும் உழைப்பு அது. ஆனாலும் இந்த எண்ணை யாராவது ஒற்றை வரியில் மேற்கோள் காட்டும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வட அட்லாண்டிக்கின் குளிர்கால அலைகள், ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டோடு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகின்றன. வெப்பமண்டலப் பசிபிக்கின் கடல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வலுவாக வந்தால் கலிபோர்னியக் கரையில் அலைகள் உக்கிரமாகும். 1997-98, 2015-16 குளிர்காலங்களில் அப்படித்தான் ஆனது. தெற்கில், அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேலைக்காற்றுப் பட்டை நகர்வதற்கேற்ப உச்சங்களும் இடம்பெயர்கின்றன. இவற்றில் சில, பத்தாண்டுக் கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். முப்பது சொச்சம் ஆண்டுத் தரவில் அத்தகைய நீண்ட ஊசலாட்டம் எத்தனை முறை அடங்கும்? தொடக்க ஆண்டைச் சற்று நகர்த்தினாலே சில இடங்களில் ஏற்றம் இறக்கமாகிவிடுகிறது.

கடலில் மேடை கட்டும் பொறியாளர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அலையின் உயரத்தை ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரும்பை வெட்ட ஓர் அளவு வேண்டுமே. நான் ஓர் எண்ணையும் அதன் இருபுறமும் விரியும் வரம்பையும் சேர்த்தே கொடுப்பேன். வரம்பு அகலமாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பார்கள். அதைச் சுருக்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம், எல் நினோ ஆண்டுகளையும் மற்ற ஆண்டுகளையும் ஒரே பையில் போட்டாரா என்று கேட்கும்படி சொல்லி அனுப்புவேன்.

2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6, ஏறத்தாழ ஓராண்டு ஜேசன்-3இன் தடத்திலேயே 30 நொடி இடைவெளியில் பின்தொடர்ந்தது. புதிய தடத்தில் விட்டிருந்தால் இன்னும் எத்தனையோ புயல்களைப் பார்த்திருக்குமே, ஏன் இந்த வீண்வேலை என்று சிலர் கேட்டார்கள். 30 நொடியில் கடல் மாறாது. இரண்டு எண்களும் வேறுபட்டால் வேறுபாடு கருவியுடையது. என்னைக் கேட்டால், அந்த ஓராண்டை இன்னும் நீட்டியிருக்கலாம்.